ஜெர்மனியில் பிறந்தநாளா? கேக் உங்கள் செலவு!

ஜெர்மனியில் வேலைக்கோ படிப்புக்கோ போயிருப்பவர்களுக்குப் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே பிறந்தநாள்காரர்தான் விருந்து வைக்க வேண்டும். நண்பர்கள் ரகசியமாகக் கேக் வாங்கிவந்து கதவைத் தட்டுவார்கள் என்று உட்கார்ந்திருந்தால், உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். அழைப்பதும் நீங்கள், சமைப்பதும் நீங்கள். ஹோட்டலுக்கு அழைத்துப்போனால் பில்லும் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் வரும். நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. பள்ளிக்குக் கலர் டிரெஸ் போட்டுப்போய் வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்தவர்கள்தானே நாம்?

வெள்ளி இரவே தொடங்கிவிடுங்கள். முன்னிரவில் கூடி, சாப்பிட்டுப் பேசி, பன்னிரண்டு அடிக்கும்போது எல்லோருமாகப் பிறந்தநாளுக்குள் நுழைவதை அங்கே ‘ரைன்ஃபையர்ன்’ என்பார்கள். அதுவரை ஒருவரும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். முன்கூட்டி வாழ்த்தினால் ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. பகுத்தறிவு பேசுகிறவர்கள்கூட இந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை.

இங்கேதான் வேடிக்கை. கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஊரில் நள்ளிரவு என்றால் ஜெர்மனியில் வெள்ளி இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. சரியாக அந்த நேரத்துக்கு அம்மாவின் வாட்ஸ்அப் அழைப்பு வரும். “ஹேப்பி பர்த்டே கண்ணு, சாப்ட்டியா?” என்று அவர் ஸ்பீக்கரில் கேட்க, சுற்றியிருக்கும் ஜெர்மானியர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடாதீர்கள். மேசை நடுவில் வையுங்கள். ஊரில் வயது கூடிவிட்டது, இருக்கும் இடத்தில் இன்னும் கூடவில்லை. அந்த மூன்றரை மணி நேரம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கிற சலுகை.

இரவு 10 மணிக்கு மேல் அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்பது ஜெர்மனியில் கறாரான விஷயம். இரண்டு நாள் முன்பே மாடிப்படி அருகே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்: பிறந்தநாள், கொஞ்சம் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் நீங்களும் வாருங்கள். சீட்டு ஒட்டியதால் சத்தம் போட உரிமை வந்துவிடாது. ஆனால் கீழ்வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவதற்கு முன் உங்கள் கதவைத் தட்டிப் பார்ப்பார்.

சனிக்கிழமை தூங்கி எழுந்ததும் கடைக்குப் போய்விடுங்கள். ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டுகள் மூடிக் கிடக்கும்; பேக்கரி சில மணி நேரம் திறந்திருந்தால் உண்டு. பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கடைசிப் புகலிடம்.

என்னைக் கேட்டால், வாரஇறுதியின் உச்சம் ஞாயிறு பிற்பகல்தான். மூன்று, மூன்றரை மணிக்குக் காபியும் கேக்கும் வைத்து உட்காருவது அவர்களுடைய பழைய வழக்கம். மூன்றரை என்றால் மூன்றரைக்கே மணி அடிப்பார்கள், குளித்துத் தயாராக இருங்கள். இசையை நிறுத்திவிட்டு மெதுவாகப் பேச விடுங்கள். வெள்ளி இரவு வாயே திறக்காத ஆள் அன்றைக்குத் தன் பாட்டி கதை வரை சொல்லுவார். கறுப்புவனச் செர்ரி கேக் வைப்பதானால், அதில் ‘கிர்ஷ்’ என்னும் செர்ரிச் சாராயம் சேர்ப்பது வழக்கம் என்பதை மது தொடாதவர்களிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டு கேசரியும் இருக்கட்டும். ரவை அங்கே ‘க்ரீஸ்’ என்ற பெயரில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். முந்திரியை மட்டும் நெய்யில் நன்றாகச் சிவக்க வறுத்துப் போடுங்கள். முதலில் காலியாகிற தட்டு அதுவாகத்தான் இருக்கும்.

காலி பாட்டில்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் பெரும்பாலும் 25 சென்ட், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் என்று முன்பணம் கட்டித்தான் வாங்கியிருப்பீர்கள். திங்களன்று கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். அதே திங்கள் காலை ஆபீசுக்கும் கேக் கொண்டுபோக வேண்டியது நீங்கள்தான். அதற்கும் சேர்த்துச் சனிக்கிழமையே மாவு வாங்கிவிடுங்கள்.