தக்கை சொல்லும் சேதி

மழைக்காலம் முடிந்து கண்மாய்த் தண்ணீர் தெளிந்ததும் தூண்டில்காரர்களுக்கு நல்ல காலம். மூங்கில் கம்பு, நரம்பு, முள், சோளத்தட்டை நெட்டியில் ஒரு தக்கை, கொஞ்சம் மண்புழு. இவ்வளவுதான் முதல்.

தக்கையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அடியில் இருக்கும் மீன் தெரியும். கெண்டைக்குஞ்சு கொத்தினால் தக்கை படபடவென்று நடுங்கும். கெளுத்தி கவ்வினால் சாய்ந்து நகர்ந்து, சட்டென அமிழும். அதைக் கழற்றும்போது துடுப்பு முள் கையில் ஏறாமல் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு 1952இல் வந்த ஜிலேபி மீன் இன்று பல கண்மாய்களை நிறைத்திருக்கிறது. இரையை அரித்துத் தின்றே நம் பொறுமையைச் சோதிக்கும்.

ஆனால் கண்மாயின் ராஜா விரால்தான். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அல்லிக்கொடி ஓரம் மேலே வந்து ஒரு மடக்கு காற்று வாங்கிவிட்டு உள்ளே போகும். அந்தக் குமிழியைப் பார்த்துத்தான் தவளை இரையை அங்கே வீசுவார்கள்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்தால், அடியில் பெரிய விரால் காவல் நிற்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மட்டும் தூண்டில் போடாதீர்கள். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் விழுங்கிவிடும். அடுத்த ஆண்டு விராலும் குறைந்துவிடும்.