வினைமுதல் இல்லாத விதி: ஆங்கிலச் சட்டமொழியின் செயப்பாட்டுவினை பற்றிச் சில குறிப்புகள்

செயப்பாட்டுவினை ஆங்கில உரைநடையின் குற்றங்களுள் ஒன்றாகவே நெடுங்காலமாக எண்ணப்பட்டு வந்துள்ளது. அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி 1946 இல் எழுதிய கட்டுரையிலே ஜோர்ஜ் ஓர்வெல், செய்வினையாற் கூறக்கூடியதைச் செயப்பாட்டுவினையாற் கூறலாகாது என விதித்தார். றொஜர் பௌலர், குந்தர் கிறெஸ், ரோனி ரூ முதலியோர் 1979 இல் வெளியிட்ட 'மொழியும் கட்டுப்பாடும்' என்ற நூல் இக்கருத்துக்கு ஆய்வு வடிவம் தந்தது. 1975 இல் றொடீசியாவின் சொல்ஸ்பரி நகரிலே பொலிசார் சுட்டதில் ஆபிரிக்கர் பலர் இறந்தனர். இச்செய்தியைப் பிரித்தானியப் பத்திரிகைகள் சொன்ன முறையை ஆராய்ந்த ரூ, சுட்டவர் வாக்கியத்திலிருந்து படிப்படியாக மறைவதை எடுத்துக்காட்டினார். முற்போக்காளர் மத்தியில் இவ்வாய்வு பெற்ற செல்வாக்கு நியாயமானதே.

ஆயினும் பத்திரிகை வாக்கியம் நடந்ததைக் கூறுவது. சட்ட வாக்கியம் நடக்க வேண்டியதையும் நடக்கலாகாததையும் கூறுவது. முன்னதற்குப் பொருந்தும் அளவுகோலைப் பின்னதற்கு அப்படியே பிரயோகித்தல் சரியாகுமா என்பதே எமது வினா.

சட்ட ஆங்கிலத்திலே செயப்பாட்டுவினை பெரும்பாலும் தனித்து வருவதில்லை. 'ஷல்', 'மே', 'மஸ்ற்' என்னும் துணைவினைகளுள் ஒன்று அதற்கு முன்னே நிற்கும். இவற்றுள் சட்டத்தரணிகளுக்கு மிக விருப்பமானது 'ஷல்' ஆகும். பழைய ஆங்கிலத்திலே அது கடன்பட்டிருத்தல் என்னும் பொருளுடைய வினையாக இருந்தது. கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் அறிவிக்கப்படல் வேண்டும் என்ற கருத்தை ஆங்கிலத்திலே சட்டமாக எழுதினால், கைதானவரே எழுவாயாக வந்து நிற்பார். 'ஷல்' அவருக்கு அடுத்து வரும். இலக்கணப்படி கடன் அவர் தலையில் விழுகின்றது. உண்மையிலே கடன்பட்டவரோ அறிவிக்க வேண்டியவர். அவர் வாக்கியத்திலேயே இல்லை. செய்வினையிலும் செயப்பாட்டுவினையிலும் பொருள் ஒன்றே என்று பள்ளிக்கூட இலக்கணம் கற்பிப்பது இவ்விடத்திலே பொய்த்துவிடுகின்றது.

இதனை முதலிலே முறையாக உணர்ந்தவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் கூட். சட்டமியற்றும் மொழி பற்றி 1843 இல் அவர் வெளியிட்ட சிறுநூல், உரிமையோ அதிகாரமோ கடமையோ எவருக்கு உண்டாகின்றதோ அவரே சட்ட வாக்கியத்தின் எழுவாயாதல் வேண்டும் என வற்புறுத்திற்று. கூட் வறியோர் சட்ட ஆணையாளரின் உதவிச் செயலாளராக இருந்தவர். ஏழைகளை வேலைவிடுதிகளுக்கு அனுப்பிய அலுவலகத்திலிருந்து இத்தகைய தெளிவுக்கான கோரிக்கை எழுந்தமை சிந்தனைக்குரியது. தெளிவான சட்டம் நல்ல சட்டமாதல் வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

வினைமுதலை விடுவது எப்பொழுதும் மறைப்பதற்காகத்தானா? 1215 ஆம் ஆண்டின் மகா பட்டயத்தை நோக்குவோம். சுதந்திர மனிதன் எவனும் பிடிக்கப்படவோ சிறையிடப்படவோ கூடாது என்ற அதன் 39 ஆம் பிரிவு, இலத்தீனிலே செயப்பாட்டுவினையாகவே தொடங்குகின்றது. பிடிப்பவர் மன்னரா, அவரது சேவகரா, அயற்பிரபுவா என்பது கூறப்படவில்லை. கூறப்படாமையால் எவர் பிடித்தாலும் தவறு என்றாகின்றது. அதே வாக்கியம் சற்று நகர்ந்ததும் இலக்கணம் மாறுகின்றது: 'நாம்' அவன்மேற் செல்லோம், 'நாம்' எவரையும் அனுப்போம் என மன்னர் தம் வாயாலேயே பேசுகின்றார். பொதுவான தடையும் குறிப்பான வாக்குறுதியும் ஒரே வாக்கியத்தில் இணைந்துள்ளன. செயப்பாட்டுவினை இங்கே கோழைத்தனம் அன்று, அகலமான வேலி.

ஆனால் அவ்வேலி எவரைத் தடுக்கின்றது என்பதைத் தீர்மானிப்பது இலக்கணம் அன்று. ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். மிகையான பிணை கோரப்படுதல் 'தகாது' என்றே 1689 ஆம் ஆண்டின் ஆங்கில உரிமைகள் பட்டயம் கூறிற்று. அங்கு வந்த துணைவினை 'ஓட்'. 1776 இல் வேர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனமும் அதனையே கையாண்டது. 1789 இல் ஜேம்ஸ் மடிசன் தமது திருத்தங்களை முன்மொழிந்தபோது 'ஓட்' நீங்கி 'ஷல்' புகுந்தது. 1791 இல் நிறைவேறிய எட்டாம் திருத்தத்தில் அது நிலைபெற்றது. அறவுரை ஆணையாயிற்று. எனினும் எவர் கோரலாகாது என்பது 1689 இலும் சொல்லப்படவில்லை. 1791 இலும் சொல்லப்படவில்லை.

அத்திருத்தங்களுள் முதலாவது மட்டும் கொங்கிரஸ் என்ற வினைமுதலை வெளிப்படையாகக் கொண்டது. கொங்கிரஸ் இன்ன சட்டத்தை இயற்றலாகாது என்பது அதன் அமைப்பு. ஐந்தாம் திருத்தமோ, முறையான சட்ட நடவடிக்கையின்றி எவரும் உயிரோ சுதந்திரமோ உடைமையோ இழக்கச் செய்யப்படலாகாது என்றும், தகுந்த நட்டஈடின்றித் தனியார் உடைமை பொதுத்தேவைக்கு எடுக்கப்படலாகாது என்றும் வினைமுதலின்றிப் பேசுகின்றது. எடுப்பவர் யார்?

இவ்வினா நீதிமன்றத்துக்கே வந்தது. போல்ரிமோர் நகரசபை தெருக்களைச் சீரமைத்தபோது ஓடைகளைத் திசைதிருப்பிற்று. அவை கொண்டுவந்த மண்ணும் மணலும் ஜோன் பரன் என்பவரது இறங்குதுறையைச் சூழ்ந்து படிந்து, கப்பல்கள் அணுக இயலாதவாறு நீரின் ஆழத்தைக் குறைத்தன. கீழ் நீதிமன்றம் 4,500 டொலர் வழங்கிற்று. மேரிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மறுத்தது. பரன் ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி வாதிட்டார். 1833 இல் உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல், அத்திருத்தம் சமஷ்டி அரசை மாத்திரமே கட்டுப்படுத்தும் எனத் தீர்ப்பளித்தார். அவரது நியாயத்தின் ஒரு பகுதி இலக்கண ஆய்வாகவே அமைந்துள்ளது. மூல அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரையிலே 9 ஆம் பிரிவு வினைமுதலைக் கூறாது தடைகளை விதிக்கின்றது. 10 ஆம் பிரிவு 'எந்த மாநிலமும்' எனப் பெயர் கூறித் தடுக்கின்றது. ஆகவே மாநிலங்களைக் கட்டுப்படுத்தக் கருதியிருந்தால் திருத்தங்களை ஆக்கியோரும் அவ்வாறே கூறியிருப்பர் என்பது அவர் கொண்ட முடிபு.

தர்க்கம் நேர்த்தியானது. அதன் விளைவைச் சுமந்தவர்கள் இறங்குதுறைச் சொந்தக்காரர் மட்டுமல்லர். அடிமைமுறை நிலவிய மாநிலங்கள் பேச்சுச் சுதந்திரத்தையும் சட்டமுறைப் பாதுகாப்பையும் மறுத்தபோது, உரிமைகள் பட்டயம் அவற்றைத் தொட முடியாதிருந்தது.

உள்நாட்டு யுத்தத்தின் பின்னர் 1868 இல் பதினான்காம் திருத்தம் வந்தது. அதன் முதற்பிரிவை வரைந்தவரான ஒகையோ உறுப்பினர் ஜோன் பிங்கம், தாம் மார்ஷலின் தீர்ப்பைப் படித்து அதன் குறிப்பையே பின்பற்றியதாக 1871 இல் விளக்கினார். ஐந்தாம் திருத்தத்தின் அதே சொற்கள் இங்கு மீண்டும் வருகின்றன: உயிர், சுதந்திரம், உடைமை, முறையான சட்ட நடவடிக்கை. மாறியது வினை மட்டுமே. 'எவரும் இழக்கச் செய்யப்படலாகாது' என்பது 'எந்த மாநிலமும் எவரையும் இழக்கச் செய்யலாகாது' என்றாயிற்று. செயப்பாட்டுவினையைச் செய்வினையாக்கும் இப்பயிற்சிக்கு முன்னே ஒரு பெரும் போர் நடக்க வேண்டியிருந்தது. பரன் கேட்ட நட்டஈட்டு உரிமை மாநிலங்களுக்கு எதிராக 1897 இல் ஏற்கப்பட்டது, சிக்காகோ நகரில் ஒரு புகையிரதக் கம்பனி சம்பந்தப்பட்ட வழக்கிலே. (கம்பனிக்குக் கிடைத்தது ஒரு டொலர் என்பது வேறு கதை.)

இத்துடன் நின்றுவிட்டால் ஓர்வெலின் விதியே வென்றதாகிவிடும். ஆனால் 1883 இல் அதே நீதிமன்றத்தின் முன்பு, விடுதிகளிலும் நாடகசாலைகளிலும் புகைவண்டிகளிலும் கறுப்பின மக்களை விலக்கிய தனியார் பற்றிய வழக்குகள் வந்தன. பதினான்காம் திருத்தம் 'மாநிலம்' என்றே கூறுகின்றது. விடுதிக்காரர் மாநிலம் அல்லர். எனவே அவரை அது தடுக்காது எனப் பெரும்பான்மை நீதியரசர் கூறினர். நீதியரசர் ஹார்லன் ஒருவரே மாறுபட்டார். வினைமுதலைப் பெயர் கூறி நிறுத்தியதே இப்போது தப்பும் வழியாயிற்று. மாறாக, 1865 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறை இருக்கலாகாது என்று மட்டுமே கூறுகின்றது. அதில் வினைமுதலே இல்லை. அதனால் அரசையும் தோட்டச் சொந்தக்காரரையும் ஒருங்கே அது கட்டுப்படுத்தும் என்பதை அத்தீர்ப்பும் ஏற்றது. 1833 இல் வினைமுதல் இல்லாமை பலவீனமாயிற்று. 1883 இல் வினைமுதல் இருந்தமை பலவீனமாயிற்று. இரண்டிலும் இலக்கணம் எதிர்ப்பட்டது. பயன்பெற்ற தரப்பு பெரும்பாலும் ஒன்றே.

இலங்கைக்கு வருவோம். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே 13(1) ஆம் உறுப்புரை, சட்டத்தினால் தாபிக்கப்பட்ட நடவடிக்கைமுறைக்கு இணங்கவன்றி ஆளெவரும் கைதுசெய்யப்படலாகாது என்றும், கைதுசெய்யப்படுபவருக்குக் காரணம் அறிவிக்கப்படல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. இரு வாக்கியங்களும் ஒரே அமைப்பின எனினும் ஒரே வலிமையின அல்ல. முதலாவது தடை, செய்பவர் இல்லாமையால் அது விரிகின்றது. இரண்டாவது கடமை, செய்பவர் இல்லாமையால் அது சுருங்குகின்றது. கைதுசெய்தவரா, நிலையப் பொறுப்பதிகாரியா, பின்னர் விசாரிப்பவரா அறிவிக்க வேண்டியவர்? மேலும், முதலாவது வாக்கியத்தின் விரிவுக்கும் 126 ஆம் உறுப்புரை எல்லை கட்டுகின்றது. நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் நேர்ந்த மீறலுக்கே அங்கு பரிகாரம் உண்டு. ஓரிடத்தில் விட்ட வினைமுதலை இன்னோரிடத்தில் நிரப்பும் முறை இதுவாகும்.

அதிகாரம் வழங்கும் விதிகளில் நிலைமை மேலும் சிக்கலானது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, இயற்றப்பட்டவாறு, ஒரே வாக்கியத்தில் மூன்று இலக்கண நிலைகளைக் கடக்கின்றது. நம்புவதற்கோ சந்தேகிப்பதற்கோ அமைச்சருக்குக் காரணம் இருப்பின் அவர் ஒருவரைத் தடுத்துவைக்கக் கட்டளையிடலாம், இது செய்வினை. இடமும் நிபந்தனைகளும் 'அமைச்சரால்' தீர்மானிக்கப்படலாம். இது வினைமுதலுடைய செயப்பாட்டுவினை. அக்கட்டளை காலத்துக்குக் காலம் நீடிக்கப்படலாம். இங்கே வினைமுதல் இல்லை. அமைச்சரே கருதப்படுகின்றார் என்பர். அவ்வாறாயின், நீடிக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதிதாகக் காரணம் இருத்தல் வேண்டுமா? அந்நிபந்தனை முதல் வினையோடு கட்டுண்டு கிடக்கின்றது. மூன்றாம் வினையை அது வந்தடையவில்லை. மும்மூன்று மாதங்களாகப் 18 மாதங்கள் வரை நீண்ட தடுப்புக்காவலின் பெரும்பகுதி இந்த ஒற்றைச் சொல்லின்மேல் நின்றது. (அவ்வெல்லை 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தால் 12 மாதங்களாயிற்று.) அடுத்துவந்த 10 ஆம் பிரிவோ, அக்கட்டளை இறுதியானதென்றும் எந்த நீதிமன்றிலும் அது வினாவுக்குட்படுத்தப்படலாகாதென்றும் கூறிற்று. மகா பட்டயத்தில் நாம் கண்ட அதே அகன்ற வேலி. நிற்கும் பக்கம் மட்டும் மாறிவிட்டது.

பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் எளிய ஆங்கிலத்தை வேண்டியோரின் முயற்சியால் 'ஷல்' பெரிதும் கைவிடப்பட்டு 'மஸ்ற்' இடம்பெற்றுள்ளது. வரவேற்கத்தக்கதே, எனினும் துணைவினையை மாற்றுவதால் விடுபட்ட ஆள் வந்துவிடமாட்டார்.

தமிழில் இப்பிரச்சினை வேறு வடிவம் கொள்கின்றது. செய்யப்பட்ட பொருளையே செய்தது போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார். உரைகாரர் அதற்குத் திண்ணை மெழுகிற்று என உதாரணம் காட்டினர். மெழுகிய பெண்ணைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. சில இடங்களில் எமது மொழி ஆங்கிலத்தினும் தெளிவானது. 'மே' என்பதோடு எதிர்மறை சேரும்போது, நீடிக்கலாகாது என்பதா, நீடிக்காமலும் விடலாம் என்பதா என்ற ஐயம் ஆங்கிலத்தில் எழும். நீடிக்கப்படலாகாது, நீடிக்கப்படாதிருக்கலாம் என்ற இரண்டையும் தமிழ் மயங்கவிடுவதில்லை.

ஆனால் ஓர்வெலின் விதியைத் தமிழுக்கு இறக்குமதி செய்வோர் ஏமாறுவர். 'அறிவிக்கப்படல் வேண்டும்' என்பதைச் செய்வினையாக்கி 'அறிவித்தல் வேண்டும்' என்று எழுதினாலும் தமிழ் வாக்கியம் எழுவாயின்றியே நிறைவுபெறும். 'படு' போய்விடும்; ஆள் வரமாட்டார். எமது சட்ட மொழிபெயர்ப்பாளர், 'கைதுசெய்யும் அலுவலர்' என்றாவது ஒரு சொல்லை மூலத்தில் இல்லாதவிடத்துச் சேர்க்க முற்பட்டால், அது மொழிபெயர்ப்பின் எல்லையைத் தாண்டிச் சட்டமியற்றலாகிவிடும். அச்சொல்லை மூலத்திலே கேட்டுப் பெற வேண்டியிருக்கின்றது.