பரிசாகப் போகும் பெண் குட்டிகள்

பேராதனையிலிருந்து கொழும்பு வீதியில் இறங்கி, மாவனல்லையைக் கடந்து, கேகாலைக்கு முன்னால் வலப்பக்கம் திரும்பினால் பின்னவல. தாயை இழந்த காட்டு யானைக் குட்டிகளை வளர்ப்பதற்காக 1975இல் தென்னந்தோட்டமொன்றில் தொடங்கிய இல்லம் அது. 1984இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது. 1995இல் உடவளவையில் இடைத்தங்கல் நிலையம் வந்தபின், அநாதைக் குட்டிகள் அங்கே வளர்ந்து காட்டுக்குத் திரும்பத் தொடங்கின. பின்னவலவிலோ பிறப்பே பிரதானமாயிற்று. இருபத்தைந்து ஏக்கர் இல்லத்தில் யானைகளின் தொகை ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட 90 ஆனது.

இனப்பெருக்கத்தை முற்றாகக் கண்டிக்க என்னால் முடியாது. நெடுங்காலம் கருத்தரிக்காத பெண் யானைக்குக் கருப்பையில் கட்டிகள் உண்டாகி, பிறகு குட்டி பெறும் வாய்ப்பே இல்லாமற் போவதை மிருக வைத்தியர்கள் அறிவார்கள். குட்டியில்லாத கூட்டம் உயிர்ப்பில்லாத கூட்டம். மகா ஓயாவில் இறங்கும்போது குட்டியைத் தாயின் முன்கால்களுக்கிடையே விட்டு, பெரியம்மா, சித்தி போல மற்றப் பெண் யானைகள் சுற்றி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 2021 ஆகஸ்ட் 31இல் பின்னவலவின் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டிகளை ஈன்றபோது நாடே மகிழ்ந்ததில் பிழையில்லை. கண்டி எசல பெரஹெராவுக்கும் யானை வேண்டும். காட்டில் பிடிப்பதைவிட வளர்ப்பில் பிறந்ததைக் கொடுப்பது மேல் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

சிக்கல் பிறந்த பிறகு வருகிறது. மனிதருக்கு அஞ்சாமல் வளர்ந்த யானையைக் காட்டில் விட்டால் அது நேரே ஊருக்குள் வரும். யானை மனித மோதலில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் சாகும் நாட்டில் அதன் முடிவு தெரிந்ததே. ஆகவே மிஞ்சியவை விகாரைகளுக்குப் போகின்றன, வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகளுக்குப் போகின்றன. அரசு இதை விற்பனை என்று சொல்வதில்லை, அன்பளிப்பு என்கிறது. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. விற்பனை என்றால் விலையையும் ஒப்பந்தத்தையும் கேள்வி கேட்கலாம். அன்பளிப்பில் ஒரு தலைவர் இன்னொரு தலைவருக்குக் கை குலுக்கியதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

பின்னவலவின் அஞ்சலி என்ற யானை 2015இல் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்குப் போனாள். மறு ஆண்டு நியூசிலாந்துப் பிரதமர் ஜோன் கீ வந்தபோது நந்தி என்ற யானையும் பரிசாக அறிவிக்கப்பட்டாள். வழக்குப் போட்டவர்களால் அவளது பயணம் தடைப்பட்டது. பின்னர் ஒக்லாந்து மிருகக்காட்சிசாலை யானை வளர்ப்பையே கைவிடத் தீர்மானித்து, அஞ்சலியை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. இருவரும் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இயற்கையில் கூட்டத்தை விட்டுப் போவது பருவம் வந்த ஆண். மகள் சாகும்வரை தாயோடும் சகோதரிகளோடும் இருப்பாள். நாமோ ஆணை அடக்குவது கடினம் என்பதால் மகளைப் பிரிக்கிறோம். 2012இல் பிராக் நகருக்குத் தமாரா, ஜனிதா என்ற பெண் யானைகள் இருவராகப் போனார்கள், அங்கே குட்டியும் ஈன்றார்கள். தனியே அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

2014இல் கோப்பன்ஹேகன் மிருகக்காட்சிசாலை, தன்னிடம் மிஞ்சிய மேரியஸ் என்ற ஆரோக்கியமான ஒட்டகச்சிவிங்கியைக் கொன்று சிங்கங்களுக்குப் போட்டது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் தாம் பிறக்க வைத்த உயிரின் முடிவுக்குத் தாமே பொறுப்பு என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். இங்கே படலை தாண்டிய யானை பற்றி யாரும் பொறுப்புச் சொல்வதில்லை. தாய்லாந்து 2001இல் நமக்குப் பரிசளித்த முத்துராஜா என்ற யானை, முன்கால் மடக்க முடியாத நிலையில், 2023 ஜூலையில் விமானமேறித் தாயகம் போனான். கொடுத்த நாடு விசாரித்தது, திருப்பிக் கேட்டது, பெற்றது. நாம் கொடுத்தவற்றை அப்படி விசாரிக்க நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

ஒரு யானை 22 மாதம் கருச் சுமக்கிறது. பிறக்கும் குட்டி எங்கே வாழும் என்று முடிவெடுக்க அந்தக் காலம் தாராளம். இடம் இல்லையென்றால் ஆண் யானையைச் சேர விடாமல் பிரித்து வைப்பதே நேர்மை. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. கைமாறிய ஒவ்வொரு யானையையும் ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பீடத்தார் பார்த்து அறிக்கை வெளியிட வேண்டும். தாயையும் மகளையும் பிரிக்கக்கூடாது, நலம் குன்றினால் திருப்பித் தர வேண்டும் என்று தேசிய மிருகக்காட்சிசாலைகள் திணைக்களம் எழுத்தில் வாங்க வேண்டும். விகாரையானாலும் வெளிநாடானாலும் நிபந்தனை ஒன்றே.