மோட்சப் பயணமும் உடன் வருவோரும்

ஆங்கில நாட்டு ஜான் பனியன் இயற்றிய ‘மோட்சப் பிரயாணம்’ தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதியதன்று. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ அதனைத் தழுவி எழுந்த காவியமேயாகும். எனினும், பனியனின் நூலுக்கு இரண்டு பாகங்கள் உண்டென்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை. 1678-இல் வெளிவந்த முதற் பாகமே பெரும்புகழ் பெற்றது. 1684-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தை அதன் வால் என்றே பலரும் கருதுவர்.

நாமும் ஆங்கிலப் பள்ளியில் முதற் பாகத்தையே படித்தோம். அதன் கதாநாயகனாகிய கிறிஸ்தியான், முதுகிற் பாவச் சுமையோடு, மனைவி மக்கள் கூப்பிடும் குரல் கேளாதபடி காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். அவ்வோட்டமே நம் மனத்திற் பதிந்தது. விசுவாசம் ஒருவனுக்கும் கடவுளுக்கும் மட்டுமே உரியது, சபையாரின் துணை வேண்டுவதில்லை என நினைத்தோம். தோட்டத்தில் உத்தியோகம் ஏற்ற பின்னும் ஞாயிறுதோறும் அறையிற் தனித்திருந்து வேதம் வாசிப்பதே போதுமென்றிருந்தோம். இரண்டாம் பாகத்தைப் படித்த பின்னரே நம் பிழை விளங்கிற்று.

விளங்கிய பின் முதற் பாகத்தைத் திரும்பப் பார்த்தால், அங்கும் கிறிஸ்தியான் தனித்துப் போய்ச் சேரவில்லை. சந்தேகக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கன் அவனை அடைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டுகின்றான். அவன் மனம் அதற்கு இசையும் வேளையில், நம்பிக்கை என்னும் தோழனே அவனைத் தடுக்கின்றான். இறுதியில் மரண ஆற்றில் அவன் அமிழும்போதும், அத்தோழனே தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கின்றான். ஓடத் தொடங்கியவன் தனியன். கரையேறியவன் தனியன் அல்லன்.

இரண்டாம் பாகத்தில், விட்டுச் செல்லப்பட்ட மனைவி கிறிஸ்தியானாள் நான்கு புதல்வரோடும் அயலகத்துப் பெண்ணொருத்தியோடும் புறப்படுகின்றாள். பெருநெஞ்சன் என்னும் வீரன் வழித்துணையாக வருகின்றான். வழியிற் சேர்வோரோ முதியோரும் நொண்டியரும் மனந்தளர்ந்தோருமே! மனவலிமையற்ற ஒருவன், “உங்களோடு நடக்க என்னால் இயலாது” என்று பின்வாங்குகின்றான். அவனுக்காகக் காத்து நிற்போம் என்றும், அவன் பொருட்டுச் சிலவற்றைத் தாமே விட்டுக்கொடுப்போம் என்றும் பெருநெஞ்சன் உறுதி கூறுகின்றான். அவ்வேளையில் வந்து சேரும் நொண்டியொருவன் தன் ஊன்றுகோல்களில் ஒன்றை அவனுக்கு ஈய முன்வருகின்றான். சபை என்பதற்கு இதனினும் நல்ல இலக்கணம் நாம் கண்டதில்லை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. முதற் பாகத்தில் இருவர் சாவி கொண்டு தப்பி ஓடிய அதே கோட்டையை, இப்பாகத்திற் கூட்டமாக வந்தோர் அரக்கனைக் கொன்று இடித்துத் தள்ளுகின்றனர். இடிக்க ஏழு நாட்கள் ஆகின்றன. உள்ளே அடைபட்டிருந்த தந்தையும் மகளும் மீட்கப்படுகின்றனர். அக்களிப்பில் நொண்டியும் ஊன்றுகோலைக் கையிற் பிடித்தபடி அம்மகளோடு நடனமாடுகின்றான். தனியன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கின்றான். சபை பின் வருவோர்க்கும் வழி செய்கின்றது.

இம்மாற்றம் எதனால் வந்தது? அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிருந்த பனியன், 1672-இல் பெட்ஃபோர்டு சபையின் போதகராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். இரண்டாம் பாகம், பலவீனரோடு பன்னிரண்டு ஆண்டு பழகிய போதகரின் நூல் என்றே நாம் கொள்கின்றோம்.

குறையும் உண்டு. கதையின் வேகம் தளர்கின்றது. போரின் பெரும்பகுதியைப் பெருநெஞ்சனே செய்கின்றான். பெண்கள் பெரும்பாலும் காக்கப்படுவோராகவே நிற்கின்றனர். ஒரு வீரனை நம்பிப் பலர் பின்செல்லும் சபை முழுமையான சபையன்று. ஆயினும் ஊன்றுகோல் கொடுத்தவன் வீரனல்லன் என்பதை மறத்தலாகாது.

ஆற்றங்கரையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அழைப்பு வருகின்றதே என்பர் சிலர். உண்மை. மரணத்தில் எவருக்காகவும் எவரும் பதில் கூற இயலாது. ஆனால் கரை வரையில் உடன் வந்து வழியனுப்புவோர் உளர். கோயிலுக்குச் செல்லாது தனித்திருப்போரும், சென்றும் பக்கத்திலிருப்பவனின் துயரை வினவாது திரும்புவோரும் இந்நூலின் பிற்பாகத்தைப் படிப்பாராக. நாம் அறைக்கதவைத் திறந்துவிட்டோம்.