கற்பிக்கப்படாத தொழில்: றிச்சட் றைற்றின் தன்வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழிலிடத்து இன ஒதுக்கல் என்றதும் வேலை மறுக்கப்படுவதும் கூலி குறைக்கப்படுவதுமே நம் நினைவுக்கு வருவன. ஐக்கிய அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் றிச்சட் றைற்றின் தன்வரலாறு இன்னொன்றையும் இனங்காட்டுகிறது. வேலையைக் கொடுத்து, அதற்குரிய அறிவை மறுப்பதே அது. 'கறுப்புப் பையன்' எனப் பொருள்படும் தலைப்புடன் அதன் முற்பகுதி 1945இல் வெளிவந்தது. சிக்காகோ வாழ்வைக் கூறும் பிற்பகுதி 1977இலேயே நூலுருப் பெற்றது. இரண்டையும் ஒருசேர நோக்குமிடத்து இவ்வுண்மை துலங்கும்.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜக்சன் நகரில், மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் நிறுவனமொன்றில் றைற் சேர்கிறார். வடக்கிலிருந்து வந்த முதலாளி கிறேன் அவருக்குத் தொழில் பழக்க விரும்புகிறார். அங்கு பணிபுரியும் வெள்ளையரான பீஸும் றெனோல்ட்ஸும் அதற்கு இடந்தருவதில்லை. 'மிஸ்ரர்' என்னும் அடையின்றிப் பீஸின் பெயரைச் சொன்னதாக ஒருநாள் றெனோல்ட்ஸ் குற்றஞ்சாட்டுகிறான். ஆம் என்றால் வெள்ளையனை அவமதித்ததாகும். இல்லை என்றால் வெள்ளையனைப் பொய்யனாக்கியதாகும். றைற் வேலையை விட்டு நீங்குகிறார். கிறேன் வருந்துகிறார், அதற்குமேல் அவரால் எதுவும் இயலவில்லை. எழுதப்படாத சட்டத்தின் முன் தனிமனித நல்லெண்ணத்தின் வலு அவ்வளவே.

சிக்காகோ மருத்துவமனையில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். ஆய்வு விலங்குகளைப் பராமரிக்கும் கறுப்பினத் தொழிலாளர் நால்வருள் றைற்றும் ஒருவர். ஆய்வு எதைப் பற்றியது என அவர் வினவியபோது ஏளனமே விடையாகிறது. பின்னர், தொழிலாளர் இருவரிடையே மூண்ட சண்டையில் கூடுகள் சரிந்து விலங்குகள் கலந்துவிடுகின்றன. எந்த விலங்கு எந்தக் கூட்டுக்குரியது என அறியாத நால்வரும், ஊகத்தால் அவற்றை மீள அடைக்கின்றனர். மருத்துவர்கள் இதனை உணரவேயில்லை. தொழிலாளரிடமிருந்து மறைக்கப்பட்ட அறிவு, இறுதியில் ஆய்வையே பொய்யாக்கிவிடுகிறது.

இந்நூலில் ஒரு குறையும் உண்டு. பீஸையும் றெனோல்ட்ஸையும் கொடியவர்களாகவே றைற் காட்டுகிறார். தம் கைத்தொழில் பிறர் கைக்குச் சென்றுவிடுமோ என்னும் கூலியாளரின் அச்சத்தை அவர் ஆராயவில்லை. அவ்வாறு ஆராய்ந்திருப்பின், இனவெறி வேலைத்தலத்தில் எவ்வாறு வேர்கொள்கிறது என்பது மேலும் தெளிவாகியிருக்கும்.

1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டம் அமெரிக்காவில் வேலைவாய்ப்பில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆயினும் யார் அமர்த்தப்பட்டார் என்பதைப் பதிவேடு காட்டும். யாருக்குத் தொழில் கற்பிக்கப்பட்டது என்பதை அது எளிதிற் காட்டாது. அப்பதிவேட்டுக்கு வெளியே நிகழ்வதை ஆவணமாக்கியமையே றைற்றின் சாதனை எனலாம்.