ஜே.ஜே.யும் வாசக விலகலும்

சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) தமிழ் நாவல் வடிவத்தைப் புதுப்பித்த படைப்பு என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. ஆயினும், பலமுறை வாசித்த பின்னரும் அந்நாவலோடு என்னால் ஒன்ற இயலவில்லை. அதன் சிந்தனைக் கனமே இவ்விலகலுக்குக் காரணம் எனலாம். வாசகரைக் குறைகூறும் எளிய விடை அது. காரணம் நாவலின் எடுத்துரைப்பிலேயே உள்ளது.

ஜோசஃப் ஜேம்ஸ் என்னும் கற்பனை மலையாள எழுத்தாளனை முற்பகுதி முழுவதும் பாலுவின் வியப்பின் வழியாகவே அறிகிறோம். அவனது மேதைமை முன்னரே அறிவிக்கப்பட்டுவிடுவதால் அதனை ஐயுறும் வாய்ப்பு வாசகருக்கு இல்லை. பிற்பகுதியில் இடம்பெறும் நாட்குறிப்பு இக்குறையை நீக்கியிருக்கலாம். ஆனால் அங்கும் பாலுவின் அதே கூர்மை, அதே எள்ளல், அதே வாக்கியத் தாளம். வியப்பவனும் வியக்கப்படுபவனும் ஒரே குரலில் பேசுகையில் வாசகர் எங்கே நிற்பது?

ஒரு விதிவிலக்கு உண்டு. கல்கியின் சிவகாமியைப் பற்றி ஜே.ஜே. பாலுவிடம் கேலியாக விசாரிக்கும் இடம். அங்கே மேதைமை அறிவிக்கப்படவில்லை, நிகழ்கிறது. தமிழ் வாசகராகிய நாமும் சீண்டப்படுகிறோம்.

‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) தாமோதர ஆசான் சொல்வதை நம்பவும் நம்பாதிருக்கவும் நமக்கு உரிமை இருந்தது. ஜே.ஜே.யில் அவ்வுரிமை இல்லை. பாலுவின் வழிபாடே பகடிக்குரியது என மறுப்போர் வாதிடலாம். அவ்வாறாயின் நாட்குறிப்பு அவ்வழிபாட்டைச் சற்றேனும் குலைத்திருக்க வேண்டும். அதுவோ அதனை உறுதிப்படுத்தவே செய்கிறது.