மண்ணும் மலமும் ஒன்றல்ல

புதுச்சேரி வீராம்பட்டினக் கரையில் வலை உதறும் இடத்தில் ஈர மணலைத் தோண்டிக்கொண்டிருந்த சிறுவன், அதே கையோடு வந்து இட்லியைப் பிய்க்கிறான். அம்மா அதட்டுகிறாள். “உடும்மா, மண்ணுல பொரண்டாத்தான் புள்ள கெட்டிப்படும்” என்கிறார் ஆயா.

ஆயாவின் பேச்சைத் தள்ளிவிட முடியாது. 1958இல் பிறந்த 17,414 பிரிட்டன் பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்த டேவிட் ஸ்ட்ராசன், மூத்த பிள்ளைகள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒவ்வாமைச் சளி குறைவு என்று 1989இல் எழுதினார். 2016இல் வந்த அமெரிக்க ஆய்வு இன்னும் அழுத்தமானது. மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வாழும் ஆமிஷ் சமூகப் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா. எந்திரப் பண்ணைகளைக் கொண்ட ஹட்டரைட் சமூகப் பிள்ளைகளில் 21 சதவீதம். இருவருக்கும் பூர்விகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அங்கே காவல் நின்றது தொழுவத்துத் தூசி, கழுவாத கை அல்ல. “கிருமி நல்லது” என்று பேசுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

நம் பக்கத்துச் சான்று வேலூரில் இருக்கிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 373 குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோரை, வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் தொற்றிவிட்டது. மெக்சிகோவில் நடந்த இதே போன்ற ஆய்வில் இருமுறை தொற்றியதுமே கடும் வயிற்றுப்போக்குக்கு முழுக் காப்பு கிடைத்திருந்தது. வேலூர்க் குழந்தைகளுக்கு மூன்று முறை தொற்றிய பிறகும் 79 சதவீதக் காப்புதான். அடிபட்டு அடிபட்டு உரம் ஏறும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை. மலத்திலிருந்து கை வழியாக வாய்க்குப் போகும் இந்தக் கிருமியைக் குழந்தைக்கு அறிமுகப்படுத்தத்தான் வேண்டுமென்றால், அதற்கு 6, 10, 14ஆம் வாரங்களில் தரும் ரோட்டா சொட்டு மருந்து இருக்கிறது.

மணலையும் கண்மூடி நம்ப வேண்டாம். மனிதரோ நாயோ அசுத்தம் செய்த இடத்தில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலைத் துளைத்து ஏறும். அலை கழுவிப் போகும் ஈர மணல் வேறு, படகு மறைவில் கிடக்கும் மணல் வேறு. இதை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையை மட்டும் தவறவிடக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு: மணல் விஷயத்தில் ஆயா சரி, இட்லி விஷயத்தில் அம்மா சரி. பிள்ளை மணலில் ஆடட்டும், ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொள்ளட்டும். தரைக்குத் தினமும் பினாயில் தேவையில்லை, துடைப்பமும் தண்ணீரும் போதும். மூன்று வேளைகளில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: கழிவறை போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும், சோற்றில் கை வைக்குமுன்னும். மீன் ஆய்ந்த அருவாமணைக்கும் அதைத் தொட்ட கைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கை ஏறக்குறைய 30 சதவீதம் குறைக்கிறது.

சொம்புத் தண்ணீரில் விரல் நுனியை நனைப்பது கழுவியதாகாது. பல வீடுகளில் சோப்பு குளியலறை மாடத்தில், பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும்படி இருக்கிறது. அதை வாசல் குழாயடிக்கு, மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இன்றைக்கே இறக்கி வையுங்கள்.